புளியந்தீவில் நான் சொன்ன பொய்

கனடாவிலிருந்து வந்த சம்பந்திகளுக்குப் புளியந்தீவின் பழைய வீதிகளை நானே சுற்றிக் காட்டினேன். ஒல்லாந்தர் கால வீடொன்றின் முன் நின்று, ஐரோப்பியர் வழிவந்த பறங்கியரைப் பற்றி, "இஞ்ச இரிந்த பறங்கியாக்கள் எல்லாரும் அவுஸ்திரேலியாவுக்குப் போயிற்றாங்க" என்றேன்.

"ஆர் சொன்ன? நான் இஞ்சதானே இரிக்கன், சேர்!" விறாந்தையிலிருந்து வயதான பறங்கிப் பெண்மணி ஒருவர் சிரித்தார். "வாங்க, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க."

சம்பந்திகளின் முன் என் பேச்சுப் பிழையாகிப் போனது பொறுக்கவில்லை. நேரமில்லை என்று மறுத்து, அவர்களை வாவிக்கரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். அங்கே, "அவ பறங்கி இல்ல, வாடகைக்கு இரிக்கிற ஆள்" என்று மனமறிந்து பொய் சொன்னேன்.

சம்பந்தியம்மா என் பின்னால் பார்த்தார். திரும்பினேன். சம்பந்தியம்மா அந்த வீட்டு வாசலில் மறந்துவிட்ட குடையோடு அந்தப் பெண்மணி மூச்சுவாங்க நின்றிருந்தார்.

"ஓம் சேர், வாடகைதான். இந்தாங்க குடை, வெயில் கடும்."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் நன்றி மட்டுமே சொன்னேன்.