வெடியுப்பு கழுவிய கந்தப்பன்

என் புருஷன் கந்தப்பனைப் பற்றி நல்லதாகச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. குடிக்கமாட்டார். பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலயில் ரயில் பாதைக்கு மலை உடைத்தபோது, கெட்டுப்போன வெடிமருந்தைக் கழுவ அவரை விட்டால் ஆளில்லை.

மழையில் கட்டிபட்ட மருந்தைச் சும்மா கொட்டினால், காய்ந்தபின் மறுபடி உயிர் வந்துவிடும். அதனால் பீப்பாயில் தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்ததை வடித்து, மறுபடி தண்ணீர் விடவேண்டும். வெடியுப்பு முழுக்கத் தண்ணீரோடு போய்விட்டால் மிச்சம் கரியும் கந்தகமும்தான். போய்விட்டதா என்று பார்க்க இவர் கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைப்பார். சில்லென்று கரித்தால் இன்னொரு கழுவல். இல்லையென்றால் போதும் என்று கையைத் தூக்குவார். ஆட்கள் அந்தக் கறுப்புச் சேற்றை அள்ளி, ஒற்றையறைக் காம்பராக்களாக நீளும் எங்கள் லயத்துக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கொட்டுவார்கள்.

அந்த வருஷம் காய்ச்சலில் கிடந்து எழுந்து வேலைக்குப் போனார். எட்டாம் நாள் நான் ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன். அடுத்த காம்பரா புஷ்பம் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். இவர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

"நாக்கு எப்ப செத்துச்சு?" என்று கேட்டேன்.

"காய்ச்சல்லயே. வெளியில சொல்லாத புள்ள. இந்த வேலையும் போச்சுன்னா, காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கக்கூட எனக்குத் தெம்பில்ல."

எட்டு நாளும் கையைத் தூக்கியிருக்கிறார். அன்றைக்கு நல்ல வெயில் வேறு; கொட்டியதெல்லாம் காய்ந்திருக்கும்.

பள்ளத்துக்கு ஓடிப்போய் காய்ந்த சேற்றில் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தேன். சில்லென்று கரித்தது. மேட்டிலிருந்து கங்காணி வீரசிங்கம், பள்ளத்தில் தள்ளியிருந்த காய்ந்த புல்லைக் கொளுத்தப் பந்தத்தோடு இறங்கிக்கொண்டிருந்தான். லயத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பதினொரு காம்பராவிலும் ஆட்கள்.

இவர் பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்தார். ஏதாவது சாக்குச் சொல்லி நாளைக்குத் தள்ளிப்போடலாம் என்று காதோடு கெஞ்சினார். சாக்குக்கு நிற்கிற ஆளா வீரசிங்கம்? கையை உதறினேன்.

"கங்காணி, அங்கேயே நில்லுங்க. என் புருஷனுக்கு நாக்கு செத்துப்போச்சு. இதுல வெடியுப்பு அப்படியே இருக்கு."

வீரசிங்கம் பந்தத்தைப் பக்கத்திலிருந்த தண்ணீர்ப் பீப்பாயில் முக்கினான். அப்புறம் இவரைப் பார்த்தான்.

மறுநாள் காலையில் எங்களை வெளியேற்றினார்கள். எட்டு நாள் தங்களை வெடிமருந்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தவன் என்று லயத்தில் ஒருத்தர்கூட முகம் கொடுக்கவில்லை. அதில் தப்பில்லை. இவர் மூட்டையோடு பதுளைப் பாதையில் முன்னால் நடந்தார். சாகிறவரை, பதினொரு வருஷம், அந்த நாளைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.