ஒரிஜினலாகவே இருக்கட்டும் என்றேன்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை கூரியர்காரர் கேட்டைத் தட்டி ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். சின்னப் பெட்டிதான். ஆனால் நல்ல கனம்.

பெட்டி மேல் என் மகள் நிவேதாவின் பெயர். டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவள். அவளுக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் செருப்பு, சுடிதார், முகத்துக்குப் பூசும் ஏதோ ஒன்று. இவ்வளவு கனமாக முகத்துக்குப் பூச என்ன இருக்கிறது?

பிரித்தாள். உள்ளே பளபளவென்று ஒரு லீவர், நீளமாகக் கறுப்பு ட்யூப், எண்ணெய் ஊற்ற ஒரு குட்டி டப்பா. அப்பாவின் பைக்குக்கு ஹைட்ராலிக் கிளட்ச் என்றாள். ஒரே விரலால் பிடித்து இழுக்கலாமாம்.

அதைத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

ஏன் என்று சொல்ல, முதலில் அந்த பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் கணவர் குமரேசன் ஆரியசாலையில் பம்ப்செட் கடை வைத்திருந்தவர். வாலிபத்தில் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது... ட்ரயல்ஸ். பைக் பந்தயம்தான், ஆனால் வேகப் பந்தயம் இல்லை. பாறை, ஓடை, மரவேர் என்று மனிதன் நடக்கவே யோசிக்கும் இடங்களில் பைக்கை ஏற்றி இறக்க வேண்டும். நின்றபடியே ஓட்ட வேண்டும். கால் தரையில் பட்டால் பாயிண்ட் போச்சு. நடக்கிற வேகம்தான். ‘விழுந்தாலும் மெதுவாகத்தான் விழுவேன்’ என்று கல்யாணமான புதிதில் எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார்!

கப்பலில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த ஸ்பெயின் தேசத்து பைக் அது. வயது நாற்பதுக்கு மேல். கரமனையில் எங்கள் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. ஆக்ரிக் கடைக்காரர் பழைய இரும்பு கேட்டு வரும்போதெல்லாம், ‘அதையும் தூக்கிக் கொடுங்களேன்’ என்று நான் சொல்லாத வருஷம் இல்லை.

கடையைத் தம்பியிடம் ஒப்படைத்த பிறகு அவர் தார்ப்பாயை விலக்கினார். அன்றிலிருந்து தினமும் ஷெட்டில்தான். ஒரு திருகுகூட மாறக் கூடாது. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும் — இதுதான் அவருடைய சட்டம். பெட்ரோல் டேங்கின் நீலம் பழைய போட்டோவில் இருப்பது போல வரும்வரை பெயிண்டரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். என் புடவை விஷயத்தில் இந்த அக்கறையைப் பார்த்ததில்லை.

கடைசியில் அது உயிர் பெற்றது. பட்... பட்... பட் என்று நீலப் புகை. பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

அடுத்த வாரம் குமரேசன் விழுந்தார். பைக்கிலிருந்து இல்லை. பாறைகளில் ஏறி இறங்கிய மனிதர் குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்து, உள்ளே பிளேட் வைத்தார்கள்.

விரல் பிடி மெல்ல மெல்லத்தான் திரும்பும், ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். கூடவே ஒன்று சொன்னார். இன்னொரு தடவை அதே கை மேல் விழுந்துவிடாதீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு அது மந்திரம் போல ஆகிவிட்டது. குளியலறைக்கு ரப்பர் மேட் வாங்கினேன். படிக்கட்டுக்குக் கைப்பிடி வைத்தேன். வாசலில் பாசி பிடித்த இடத்தை நானே தேய்த்தேன். பைக்குக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்தப் பழைய கிளட்ச் அவ்வளவு கடினம். இழுக்கத் தெம்பான கை வேண்டும். பந்தை அமுக்கவே முகம் சுளிக்கிற கையால் முடியாது.

இப்போது புரிகிறதா, பார்சலை ஏன் திருப்பி அனுப்பக் கேட்டேன் என்று?

அன்று மாலை அப்பாவுக்கும் மகளுக்கும் வாக்குவாதம். கிளட்சை மாற்றலாம், எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டை வெட்டிக் கீழே இறக்கினால் நிற்க வசதி என்று அவள் அடுக்கினாள். பழையதைப் பழையதாக வைக்கத்தான் இவ்வளவு பாடு, புதுசு வேண்டுமென்றால் கடைக்குப் போய்ப் புதுசே வாங்கலாமே என்று அவர் மறுத்தார்.

நான் உள்ளே புகுந்தேன். “ஒரிஜினலாவே இருக்கட்டும். அதாக்கும் அழகு.”

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆக்ரிக் கடைக்கு வழி சொன்ன வாய் அல்லவா!

தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது நிவேதா சமையலறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அம்மா, உனக்கு பைக் எப்படி இருந்தா என்ன? அப்பா அதுல ஏறக் கூடாது. அதானே?”

நான் துருவிக்கொண்டே இருந்தேன்.

“காலைல ஷெட்ல அப்பா என்ன செய்யுதார்னு தெரியுமா உனக்கு?”

துடைக்கிறார், வேறென்ன என்றேன். இல்லையாம். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். பைக்கில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிளட்சை இழுத்துப் பிடிக்கிறாராம். பிறகு வலது கையை மெல்ல எடுக்கிறாராம். இடது கையில் லீவர் நிற்காமல் நழுவுகிறதாம். மறுபடி இழுக்கிறாராம்.

“ஒரு நாள் நாம ரெண்டு பேரும் இல்லாத நேரம் பாத்து ஸ்டார்ட் பண்ணி வெளிய எடுப்பார், கேட்டியா. அந்தக் கை விட்டுச்சுன்னா வண்டி ஒரே சாட்டமா முன்னால சாடும். அது வேணுமா, இந்தப் புதுக் கிளட்ச் வேணுமா, நீயே சொல்லு.”

துருவியின் பல் கறுத்த சிரட்டையைத் தொட்டுவிட்டது. அப்போதுதான் கை நின்றது.

அதுவரை எனக்கு ஒரு பயம். அதன் பிறகு இரண்டு. புதுக் கிளட்ச் போட்டாலும் பயம், பழையதே இருந்தாலும் பயம். கிழக்கேகோட்டைக்குக் காய்கறி வாங்கப் போனால் பாதியில் போன் போட்டு, ‘கேஸை அணைத்தேனா பாருங்கள்’ என்று கேட்பேன். கேஸ் அணைத்தது நன்றாகத் தெரியும். அவர் குரல் எங்கிருந்து வருகிறது, வீட்டுக்குள்ளிருந்தா ஷெட்டிலிருந்தா என்பதுதான் தெரிய வேண்டும். ஒரு நாள் போனை எடுக்கவில்லை. முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

இப்படி எத்தனை நாள் ஓட்டுவது? ஒரு மாலை ஷெட்டுக்குப் போனேன். புது கிளட்சைப் போடச் சொல்லுங்கள் என்றேன்.

“அன்னைக்கு வேற மாதிரில்லா சொன்ன?”

“அன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாதுன்னு நெனச்சுச் சொன்னேன். இன்னைக்கு நீங்க எப்படியும் ஓட்டுவீங்கன்னு தெரிஞ்சு சொல்லுதேன்.”

அவர் கையிலிருந்த துணியால் ஏற்கெனவே சுத்தமாக இருந்த டேங்கைத் துடைத்தார்.

மறுநாள் மகளிடம் நிபந்தனை வைத்தார். ஃபிரேமில் வெட்டக் கூடாது, துளை போடக் கூடாது, வெல்டிங் கூடாது. போல்ட்டில் மாட்டியது போல்ட்டில் கழன்று வர வேண்டும். அப்படியானால் ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மூடிக்குள் மறைந்துவிடும் என்பதால் மனசில்லாமல் சம்மதித்தார். முன் பிரேக்? பழைய டிரம் பிரேக்கே போதும், நடக்கிற வேகத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்றார். கழற்றிய சாமான்களை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, என் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தினார்.

டாக்டரிடமும் கேட்டோம். ஓட்டலாம், விழக் கூடாது என்றார். மழையில் போகலாம், நனையக் கூடாது என்பது போல.

போன ஞாயிற்றுக்கிழமை விதுராவுக்குப் போனோம். குமரேசனோடு அந்தக் காலத்தில் பாறை ஏறிய தாமஸுக்கு அங்கே ரப்பர் தோட்டம். பழைய கூட்டாளிகள் சிலர் வந்திருந்தார்கள். போட்டியெல்லாம் இல்லை. ஓடையை ஒட்டிப் பாறைகளுக்கு நடுவே ரிப்பன் கட்டி வழி போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பைக் பிக்கப் வண்டியில் முன்னால் போக, நாங்கள் காரில் பின்னால். கிளம்பும்போது பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். நெடுமங்காடு தாண்டும்போது இன்னொன்று. அந்த ஓடையைப் பார்த்ததும் கணக்கை விட்டுவிட்டேன்.

“பேடிக்கண்டா, சேச்சி” என்றார் தாமஸ். பயப்படாதீர்கள் அக்கா என்கிறார். சொன்னவர் முகத்திலேயே பயம் இருந்தது.

ஹெல்மெட், கையுறை, மணிக்கட்டில் பட்டை. ஒரே உதையில் பைக் ஸ்டார்ட் ஆனது. குமரேசன் எழுந்து நின்றார். உட்கார்ந்து எழும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்ளும் அந்த மனிதர் பைக் மேல் எப்படி இவ்வளவு நேராக நிற்கிறார்? முதல் வளைவு போனது. இரண்டு பாறைகளின் இடுக்கில் நுழைந்தார். இடது கை விரல் ஒன்று மட்டும் லீவரை மெல்ல இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. ஓடையில் இறங்கும்போது ஒரு தடவை கால் ஊன்றினார். நான் இன்னொரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அடுத்து ஒரு சரிவுப் பாறை. முந்தின நாள் மழையில் நனைந்து கறுப்பாக மின்னியது. ஏறி, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். அவர் அதன் முன்னால் பைக்கை நிறுத்தினார். இன்ஜின் பட் பட் என்று அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தார். பிறகு ரிப்பனுக்கு வெளியே திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“பயமா இருந்துச்சு” என்றார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. ஃப்ளாஸ்க்கிலிருந்து பாலில்லாத கட்டன் சாயா ஊற்றிக் கொடுத்தேன்.

அப்போது நிவேதா ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். ஒரு ரவுண்ட் போகட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள். அவள் ஸ்கூட்டர் ஓட்டுவாள் என்று தெரியும். தாமஸின் மகளோடு சேர்ந்து இதே தோட்டத்தில் வேறொரு பைக்கில் பழகியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அவருக்கும்தான். மறுக்க வாயெடுப்பதற்குள் கிளம்பிவிட்டாள்.

வளைவு, இடுக்கு, ஓடை. கால் ஊன்றவே இல்லை. சரிவுப் பாறையிலும் ஏறிவிட்டாள். இறங்கும்போதுதான்... ஓடைத் தண்ணீரில் நனைந்திருந்த முன் பிரேக் பிடிக்கவில்லை. பைக் அவளையும் தூக்கிக்கொண்டு கீழே ஓடியது. நேராக ஒரு ரப்பர் மரம். அவள் எப்படியோ சேற்றுப் பக்கம் திருப்பி, இரண்டு காலையும் ஊன்றி, மரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

நான் எழுந்திருக்கவே இல்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தால் குமரேசனைக் காணோம். டாக்டர் சொன்னது, நான் சொன்னது எல்லாம் மறந்து, அந்த வழுக்குப் பாறையில் பாதி தூரம் ஓடியிருந்தார்.

அவளுக்கு ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே வந்தாள்.

திரும்பும் வழியில் நெடுமங்காடு கடைத்தெருவில் ட்ராஃபிக்கில் நின்றபோது குமரேசன் சொன்னார்.

“முன்னால டிஸ்க் பிரேக் போடணும்.”

“அப்பா, அதுக்கு ஹப்பு, ஃபோர்க் எல்லாம் மாத்தணும். அப்புறம் ஒரிஜினல்னு சொல்லவே முடியாது.”

“பிரேக் பிடிக்காத ஒரிஜினல வச்சு என்ன செய்ய? மாத்து.”

ஒரு திருகு மாறக் கூடாது என்ற மனிதர் பைக்கின் முன்பாதியையே மாற்றச் சொல்கிறார்! நம் உயிருக்கு எந்தப் பழைய பிரேக்கும் போதும் என்று இருக்கிறோம். அதே வண்டியில் பிள்ளை ஏறட்டும்... எவ்வளவு புதியது கிடைத்தாலும் போதவில்லை.

இப்போது தினமும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் போனில் டிஸ்க் பிரேக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நேற்று மெதுவாக என்னிடம் கேட்டார், அவளை அடுத்த ஞாயிறு மறுபடி விதுராவுக்குப் போகவிடாமல் இருக்க ஏதாவது வழி உண்டா என்று.

இத்தனை வருஷம் இந்த வீட்டில் நான் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தேன். இனி ஷிஃப்ட் போட்டுக்கொள்ளலாம்.