தம்பிக்குக் கொடுத்த கிட்னி

என் தம்பிக்கு நான் கிட்னி கொடுப்பதில் என் மாமியாருக்குச் சம்மதமில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணின் உடம்பு கட்டியவன் வீட்டுக்குச் சொந்தம் என்பது அவர் கட்சி. தாலி கட்டி முழுசாகத்தானே அழைத்து வந்தோம் என்று கேட்டார். கடையில் வாங்கிய குடத்தைப் பற்றிப் பேசுவது போலிருந்தது. என் வீட்டுக்காரர் மட்டும் போய்வா என்றார். அதற்காகவே அவருடைய மற்ற எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் திருத்தணியில், மலையடிவாரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். தம்பி அம்மாவோடு அம்மையார்குப்பத்தில் இருந்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், இன்னும் கல்யாணமாகவில்லை. முகமும் காலும் வீங்கி, ஒண்ணுக்குப் போவதே நின்றுபோன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது, ரத்த உறவில் யாராவது ஒன்று கொடுத்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். நைனா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான்தான். எனக்கு எல்லாம் பொருந்தியும் விட்டது.

அறுப்பதற்கு முன்னால் தம்பியை மெஷினில் போட்டு ரத்தத்தைக் கழுவிக் கழுவித் தேற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வெளுத்துத் துவண்டு திரும்புவான். ஒருநாள் டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். ஆபரேஷனோடு முடிகிற சங்கதி இல்லை இது, உயிருள்ளவரை மாத்திரை சாப்பிட வேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் வேற்றாள் கிட்னி என்று கண்டுகொண்டு உடம்பே அதை அழித்துவிடும் என்றார். நாங்கள் தலையாட்டினோம். தம்பி எங்களைவிட வேகமாக ஆட்டினான்.

முதுகுப்பக்கம் விலாவில் ஆரம்பித்து முன்வயிறு வரை எனக்குக் கிழித்திருந்தார்கள். வாங்கிக்கொண்டவனைவிடக் கொடுத்தவளுக்கு வலி அதிகம் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. இருமல் வந்தால் செத்துப் பிழைப்பேன். என்னை எட்டிப் பார்த்தவர்களெல்லாம் தம்பி நன்றாக ஒண்ணுக்குப் போகிறான் என்ற சேதியைத்தான் சொன்னார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அம்மா அவன் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். சிரிப்பு வந்தது, சிரித்தால் தையல் இழுத்தது.

ஊர் திரும்பியபோது மாத்திரையால் அவன் முகம் உப்பி உருண்டையாகியிருந்தது. மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று தெருவில் சொன்னார்கள். தூசு, கூட்டம், கண்ட இடத்துத் தண்ணீர் எதுவும் அவனுக்கு ஆகாது. கிருத்திகைக்கு மலைப்பக்கம் வந்தால் காலை உடைப்பேன் என்று நானே மிரட்டி வைத்திருந்தேன். சொன்னபடி கேட்டான். ஒரு வருஷத்துக்கு மேல் நல்லபடியாகவே போனது. அவனுக்குப் பெண் பார்க்கலாமா என்றுகூட அம்மா பேச ஆரம்பித்தாள்.

பிறகு ஒருநாள் மறுபடியும் கால் வீங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் மாத்திரையைப் பற்றித்தான் கேட்டார். தம்பி சாமி மேல் ஆணையாக ஒரு வேளையும் விடவில்லை என்றான். பக்கத்திலிருந்த அம்மாவும் அதையே சொன்னாள்.

"வேள தவறாம போட்டுகினுதாங்க கீறான். கிருத்திகைக்கு மட்டும் போடமாட்டான். வெரதங்க."

எங்கள் பக்கத்தில் கிருத்திகை விரதம் என்றால் பரணி ராத்திரி ஆரம்பித்து ரோகிணி காலை வரைக்கும். அவன் அதைப் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் இருந்திருக்கிறான். வாயில் போட்டு விழுங்குவது எதுவானாலும் விரதம் கெட்டது கெட்டதுதான், மாத்திரை மட்டும் என்ன விலக்கு? மாசாமாசம் இது நடந்திருக்கிறது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. விரத நாளில் மாத்திரையை நிறுத்துவது அவர்களுக்கு விட்டதாகவே படவில்லை. டாக்டர் திட்டவில்லை. இதனாலும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம், எப்படியானாலும் இனி அந்தக் கிட்னி தேறாது என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. என் உடம்பை அறுத்துக் கொடுத்ததை இவன் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டானே என்று வயிறு எரிந்தது. நோயாளி என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"யாரக் கேட்டுடா பட்டினி கெடந்த? அது என்னுதுடா."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"நா எனுக்காக இருக்கலக்கா. நீ எனுக்குக் குட்த்துட்டு ஒண்ண வெச்சிகினு கீற. அதுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் வேண்டிகினு இருந்தேன்."

அதற்கு மேல் நான் அவனைத் திட்டவில்லை. மறுபடி மெஷினில் போட்டார்கள், உடம்பு தாங்கவில்லை. ஆடி பிறப்பதற்குள் போய்விட்டான். பெண் பார்க்கக் கட்டிக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த புது வேட்டியைத்தான் அம்மா அவன்மேல் போர்த்தினாள்.

எனக்கு இப்போது பல் போய்விட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, கண்ணிலும் புரை. வருஷத்துக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் ஒற்றைக் கிட்னி இவ்வளவு நன்றாக வேலை செய்வது ஆச்சரியம் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மலைமேல் இருக்கிறவன் மீது வருகிற ஆத்திரத்தை என்னால் அடக்க முடிவதில்லை.