தலை தீபாவளிக்கு ஒத்திகை

எனக்குப் பட்டாசு என்றால் பயம். மழுப்புவானேன், நன்றாகவே பயம். கல்யாணம் வரைக்கும் யாருக்கும் தெரியாமல் சமாளித்துவிட்டேன். பிறகு தலை தீபாவளி வந்தது. செடெனாக்கில் இருக்கும் என் மாமனார், முதல் சரத்தை மாப்பிள்ளைதான் கொளுத்தப்போகிறார் என்று அவர் குடியிருக்கும் தாமான் முழுக்க, வீடு வீடாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மெய்நிகர் கண்ணாடியில் ஆடும் வாணவேடிக்கை விளையாட்டு ஒன்று கண்ணில் பட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நடுத்தெருவில் நிற்போம். கையில் ஊதுபத்தி, எதிரே வெடி. வாங்கும் முன் ஆடியவர்களின் கருத்துகளை ஒன்று விடாமல் படித்தேன். "திரி ரொம்ப மெதுவாக எரிகிறது, பயமே வரவில்லை" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துத் திட்டியிருந்தார். ஆகா, இது எனக்காகவே செய்த விளையாட்டு என்று உடனே வாங்கிவிட்டேன். "இரண்டு கையிலும் கருவி இருக்கிறது, காதை எப்படிப் பொத்துவது?" என்று கேட்டிருந்த அம்மணி என் இனம். இன்னொருவர், "சத்தத்தை அணைத்துவிட்டு ஆடுகிறவர்கள் தயவுசெய்து இங்கே கருத்து எழுத வேண்டாம்" என்று போட்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. நான் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடினேன். வீம்புக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து, "தத்ரூபம்" என்று எழுதியும் வைத்தேன்.

வேலை விட்டு வந்ததும் கூடத்தில் குந்தி ஒத்திகை நடக்கும். ஊதுபத்தியைத் திரியில் வைக்க வேண்டும். பொறி வந்ததும் கையிலுள்ள கருவியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், தெருவின் அந்தப் பக்கம் போய் நின்றுவிடலாம். ஒருநாள் மனைவி பார்த்துவிட்டாள்.

"அலமாக்! மேசைக்கு அடியில என்னங்க தேடுறீங்க?"

"வெடி கொளுத்துறேன் லா."

"இதுக்கு எங்கப்பாகிட்ட பயமா இருக்குன்னு சொல்லிடலாம்ல?"

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

தீபாவளிக் காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, புது ஜிப்பாவோடு மாமனார் வீட்டு வாசலுக்கு வந்தேன். அண்டை வீட்டார் வேலியோரம் கூடியிருந்தார்கள். மாமனார் ஊதுபத்தியை என் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார். குந்தினேன். எல்லாம் ஒத்திகையில் பார்த்ததுதான். திரியில் வைத்தேன். பொறி வந்தது. கட்டைவிரலை அழுத்தினேன்.

நான் எங்கும் போகவில்லை.

மறுபடி அழுத்தினேன். ஊதுபத்திதான் இரண்டாக உடைந்தது. திரி சர்ரென்று ஓடி முடிந்து, முதல் வெடி காதுக்குள்ளேயே வெடித்த மாதிரி இருந்தது. "ஐயோ அம்மா!" என்று கத்திக்கொண்டு, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, மாமனாரின் காருக்குப் பின்னால் பாய்ந்தேன். தாமானே சிரித்தது. மானம் கப்பலேறிவிட்டது.

காருக்குப் பின்னால் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தார். கண்ணை இறுக மூடி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, டயரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார் என் மாமனார். சரம் ஓய்ந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

"முடிஞ்சிருச்சா மாப்ள?"

"முடிஞ்சிருச்சு மாமா."

"பிள்ளைங்க பொறந்ததிலேர்ந்து நான்தான் கொளுத்துறேன். ஒவ்வொரு வருசமும் உயிரே போயிடும். மாப்பிள்ளைன்னு ஒருத்தர் வந்தா தப்பிச்சிக்கலாம்னுதான் பொண்ணுக்கு அவ்ளோ அவசரமா வரன் பார்த்தேன்."

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கும் பயம்தான் மாமா" என்றேன். சொன்னதும் நெஞ்சு லேசானது.

"அதான் பார்த்தேனே" என்று அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "என் விசயத்தை மட்டும் வீட்டுல சொல்லிடாதீங்க. அடுத்த வருசமும் நீங்கதான்."