ஆடி போகட்டும் என்றிருந்தேன்

எனக்கு எழுபத்தோரு வயது. அடையாறில் வீடு. நண்பரோடு சேர்ந்து வாங்கிய இரண்டு சீட் விமானத்தை இருபது வருடங்களாக ஓட்டிவந்தேன். போன வருடம் அதன் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும் தேதி ஆடியில் வந்தது.

“ஆடியில போய்க் கையெழுத்துப் போடணுமா? ஆவணி பொறக்கட்டும்” என்றாள் மனைவி. பழையதைப் புதுப்பிப்பது புதுக்காரியமா என்று யோசிக்காமல் நானும் தலையாட்டினேன்.

ஆவணி முதல் தேதி தி.நகர் ஏஜென்ட்டிடம் போனேன்.

“பாலிசி லாப்ஸ் ஆகி மூணு வாரம் ஆச்சு சார். இனிமே இது புது பாலிசி. எழுபது தாண்டினவங்களைப் புதுசா சேர்க்க மாட்டாங்க.”

“போன மாசம்தான் டாக்டர் பறக்கலாம்னு எழுதிக் குடுத்தார். இதுவரைக்கும் ஒரு கீறல் உண்டா?”

“கம்ப்யூட்டர் வயசைத்தான் சார் பாக்குது.”

நாலு கம்பெனிகளில் கேட்டேன். எல்லோரும் பிறந்த தேதியைக் கேட்டார்கள். எத்தனை மணி நேரம் பறந்திருக்கிறேன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது நண்பர் மட்டுமே ஓட்டுவார் என்று எழுதிக்கொடுத்த பிறகுதான் பாலிசி கிடைத்தது. அவர் தரையிறக்கினால் விமானம் இரண்டு முறை துள்ளும்!

இந்த வருடம் ஆடி பிறந்த அன்றே புதுப்பித்துவிட்டேன். விமானி என்ற இடத்தில் அவர் பெயர். நான் பக்கத்து சீட்டில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.