வெயில் காலத்தில் வரச் சொன்ன தம்பி

கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் கடைத்தெரு. மே மாத மழைக்கு ஒரு மளிகைக்கடை வாசலில் ஒதுங்கி நிற்கிறேன். வெயில் காலத்தில் வந்தால் லீவு போட்டு ஊரைச் சுற்றிக்காட்டுவதாகத் தம்பி எழுதியிருந்தான். நம் ஊர்க் கணக்கில், மெல்லிய சட்டைகளோடு சித்திரையில் வந்துவிட்டேன். அவன் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறான்.

கடைக்கார யாழ்ப்பாணத்து அம்மாள் கூப்பிடுகிறார். "ஏன் அண்ணை நடுங்கிறியள், உள்ள வாங்கோ."

"இங்க வெயில் எப்பம்மா வரும்?"

"மார்கழியில. நீங்கள் கனக்க முந்தி வந்திட்டியள்."

"சனிக்கிழமை ஊருக்குப் போறேம்மா."

அவர் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார். "ஒரு நாளெண்டாலும் லீவு போடச் சொல்லித் தம்பியைக் கேளுங்கோவன்."

"கேக்கக் கூச்சமா இருக்கும்மா."

ஊர் திரும்பி இதை எழுதியது, 20 டிசம்பர் 1998.