இடது காதில் விழுந்த கேள்வி

எனக்குக் கதை கட்டத் தெரியாது. கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்லத்தான் தெரியும். பிழைப்பே அதுதான். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

நான் பொது நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதம் ஒரு மாலை, ஓர் எழுத்தாளரையோ ஓவியரையோ வரவழைத்து வாசகர்களோடு பேச வைப்போம். மேடையில் அவர்களோடு உட்கார்ந்து பேச்சை நடத்துவது நான். வாசகர்கள் கேட்கும் கேள்வி ஒலிப்பதிவில் சரியாக விழாது. அதனால் ஒவ்வொரு கேள்வியையும் மைக்கில் ஒரு தடவை திருப்பிச் சொல்வேன். நூலகத்தில் எனக்கு 'எதிரொலி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு என் இடது காது செத்துப்போனது. பக்கத்தில் வெடி வைத்தாலும் கேட்காது. ஆகவே இடப்பக்கம் சுவர் வருகிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொள்வேன். விருந்தினர், வாசகர் எல்லாரும் வலப்பக்கம்.

அப்படியும் போன மாதம் ஒரு கேள்வியை மாற்றிச் சொல்லிவிட்டேன். கூட்டமே சிரித்தது. தலைமை நூலகர் தனியே கூப்பிட்டார்.

"எதிரொலி, இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மைக் உங்க கையில இருக்காது. சொல்லிட்டேன்."

அந்த நாற்காலியை இழக்க எனக்கு மனசில்லை. இந்த முறை ஒரு சொல்கூடப் பிசகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மேடை ஏறினேன்.

அன்று வந்தவர் ஓர் எழுத்தாளர் அம்மா. படுக்கையில் கிடந்த கணவரோடு கழித்த கடைசி வருடத்தைப் புத்தகமாக எழுதியிருந்தார். அதன் முடிவில் கணவர், 'நீ போய்த் தூங்கு' என்று அவரை அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடுவார். படித்தவர்கள் அழுதார்கள். நானும்தான்.

"தம்பி, சங்கடமான கேள்வி எதுவும் வராதே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நம்ம வாசகருங்க பசு மாதிரிம்மா. மிஞ்சிப்போனா, பேனாவுல எழுதறீங்களா கம்ப்யூட்டர்லயான்னு கேப்பாங்க."

சிரித்தார். அப்படித்தான் கேட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. எல்லாம் நல்லபடியாக முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது ஒரு ஆண் குரல். களைத்த குரல். மூச்சு வாங்கி வாங்கி...

"நான் கூப்பிட்டது... கேக்கலியான்னு... கேளுங்க."

உறவுக்காரர் யாரோ போன் செய்து, இவர் எடுக்காமல் விட்டிருப்பார் என்று நினைத்தேன். யார் என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. சொல் பிசகாமல் மைக்கில் சொன்னேன்.

"நான் கூப்பிட்டது கேட்கவில்லையா என்று கேட்கிறார்."

முன்வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டக்.

எழுத்தாளர் தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யாரு... யாரு கேட்டது?"

கை காட்டத் திரும்பினேன். அப்போதுதான் உறைத்தது.

குரல் வந்தது இடப்பக்கத்திலிருந்து.

அங்கே சுவர்தான் இருந்தது.

கூட்டம் அதோடு கலைந்தது. தலைமை நூலகர் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். மழைச் சத்தம். பிறகு என் குரல். நடுவில் ஒன்றுமில்லை.

"யாருமே கேக்காததுக்கு எதிரொலியாய்யா?" மைக்கைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் விடுமுறை. மத்தியானம் படுத்தேன். வலது காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டால் எனக்கு உலகமே அடங்கிவிடும். "இப்படிப் படுத்தீங்கன்னா வீட்டையே தூக்கிட்டுப் போனாலும் தெரியாது" என்பாள் மனைவி. அன்றும் அடங்கியது. கண் சொருகியது.

"சிட்டு..."

விழித்தேன். அசையவில்லை.

"சிட்டு..."

அதே களைத்த குரல். இடது காதில்.

"சிட்டூ..."

சாயங்காலம் எழுத்தாளர் போன் செய்தார். குரல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். களைப்பையும் மூச்சு வாங்கலையும் சொன்னேன். மத்தியானம் கேட்டதைச் சொல்லவில்லை.

பிறகு அவரே சொன்னார்.

"அவர் என்னைப் போய்த் தூங்குன்னு சொல்லல தம்பி. கூப்பிட்டார். பக்கத்து ரூம்லதான் இருந்தேன். 'சிட்டு'ன்னு மூணு தடவை... அவர் மட்டும் கூப்பிடற பேரு அது. அந்த ஒரு வருஷமாத் தூக்கமில்ல. கேக்காத மாதிரி படுத்துட்டேன். இது யாருக்குமே தெரியாது."

போனை வலது காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப அவர் ரூம் வாசல்லயே உக்காந்து பாக்கறேன். எனக்குக் கேக்க மாட்டேங்குது. மறுபடி கூப்பிட்டார்னா, 'இதோ வந்துட்டேன்'னு நான் சொன்னதாச் சொல்லிடுங்க தம்பி."

இரண்டு நாள் படுக்கவே பயந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம், அவர் போனில் கேட்டுக்கொண்டது நினைவுக்கு வந்தது. வலது காதைப் புதைத்துக்கொண்டு படுத்தேன். மணி மூன்று.

"சிட்டு..."

உதடு காய்ந்திருந்தது.

"சிட்டு..."

திருப்பிச் சொல்வதுதானே என் வேலை.

"இதோ வந்துட்டேன்."

குரல் நின்றது.

ஒரு பெருமூச்சு...

பிறகு எதுவுமில்லை. இன்றுவரை இல்லை.

மறுநாள் காலையில் தலைமை நூலகர் சொன்னார். எழுத்தாளர் இறந்துவிட்டார்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டிய வீடு. தேடிப்பிடித்துப் போனேன். வாசலில் அவருடைய தங்கை அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லாத்தான் பேசிட்டிருந்தாங்க. நேத்து மத்தியானம் மூணு மணி இருக்கும். சட்டுன்னு எழுந்து அத்தான் ரூமுக்குள்ள போனாங்க. கட்டில் பக்கத்து நாற்காலியில உக்காந்தபடியே... போயிட்டாங்க."

"யாராவது கூப்பிட்டாங்களாம்மா?" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"கூப்பிடல. ஆனா ரூமுக்குள்ள ஒரு ஆம்பளை குரல், 'இதோ வந்துட்டேன்'னு சொல்லுச்சு. எனக்கும் கேட்டுது. அதைக் கேட்டுட்டுதான் அக்கா எழுந்தாங்க."

நான் பின்வாங்கினேன்.

"இருங்க... உங்க குரலை நான் கேட்டிருக்கேனே. நேத்து இந்த வீட்டுக்கு வந்தீங்களா?"